என் அம்மா உட்கார ஒரு மேசை

அண்ணன் மகள் 10ஆம் வகுப்பில் தேறிவிட்டாள். கணக்கில் 90க்கு மேல் வாங்கிய முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் அவள்தான். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் அண்ணன், "எங்க வேணாலும் கூட்டிக்கினு போறேன், கேளு" என்றார். வேலூரில் புதிதாகத் திறந்திருந்த ஓர் இத்தாலிய உணவகத்தை அவள் கேட்டாள். அதன் வாசல் பலகையில் இத்தாலியன், சீ ஃபுட், ஃபேமிலி ரெஸ்டாரண்ட் என்று எழுதியிருந்தது. அண்ணன், அண்ணி, பிள்ளை, அம்மா, நான் என ஐந்து பேரும் போனோம்.

இறால் போட்ட ஸ்பகெட்டியும் கணவாய் வறுவலும் சொன்னோம். அம்மா கணவாயைப் பார்த்தது அதுதான் முதல் முறை. "இன்னாடி இது, ரப்பர் மாரி கீது" என்று சிரித்துக்கொண்டே இரண்டாவது துண்டையும் எடுத்துக்கொண்டார். மெனு அட்டையில் பொலோனேஸ் என்று ஒன்று இருந்தது. சிக்கனா மட்டனா என்று மட்டும் கேட்டிருந்தார்கள். யூடியூபில் சமையல் பார்த்தே வளர்ந்த பிள்ளை, "அத்தை, இது பீப்ல தான செய்வாங்க?" என்றாள். அவள் சொன்னது சரி. இத்தாலியின் பொலோனா நகரத்துப் பெயரைத் தாங்கிய அந்தக் கறிக் குழம்பு மாட்டுக்கறியில்தான் செய்யப்படுகிறது. நான் பரிமாற வந்த தம்பியிடம் கேட்டேன்.

"பீப் இல்ல மேடம். இது ஃபேமிலி ரெஸ்டாரண்ட்."

அவர் குரலில் வெறுப்பு இல்லை. கார் நிறுத்த எங்கே இடம் என்று கேட்டால் எப்படிச் சொல்வாரோ அப்படித்தான் சொன்னார். ஆனால் மேசைக்கு அடியில் அம்மா என் தொடையை அழுத்தினார். "மெல்லமா பேசு. இன்னாத்துக்கு இப்ப அதக் கேக்குற? பாக்குறாங்க பாரு." பக்கத்து மேசையில் யாரும் எங்களைப் பார்க்கவில்லை. ஆனாலும் அம்மாவின் முகம் மாறியிருந்தது. அதற்குப் பிறகு அவர் கணவாயைத் தொடவில்லை.

பில் கொண்டுவந்தபோது அந்தத் தம்பி மெதுவாகக் கேட்டார்: "அக்கா எந்த ஊரு, ஆம்பூரா? நான் பேர்ணாம்பட்டுப் பக்கந்தான்கா. நாங்களும் சாப்புடுவோம். இங்க அந்தப் பேச்சே எடுக்கக் கூடாதுன்னு சொல்லிக்கீறாங்க."

அந்தக் கடையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் இது ஒரு கடையின் பிரச்சினையாகச் சுருங்கிவிடும். எனக்கு அந்த ஒரு சொல்தான் முக்கியம்: ஃபேமிலி. மூன்று தலைமுறை ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். எங்களைப் பார்த்துத்தான், இது குடும்பங்கள் வரும் இடம், அதனால் நீங்கள் உண்பது இங்கே இல்லை என்று சொன்னார்கள். அப்படியானால் நாங்கள் யார்?

அந்த உணவகம் எதைப் போலச் செய்துகொண்டிருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். இத்தாலியில் ட்ராட்டோரியா என்றால் ஒரு குடும்பமே நடத்தும் எளிய சாப்பாட்டுக் கடை. நம் ஊர் மெஸ் மாதிரி. ரோம் நகரில் டெஸ்டாச்சோ என்றொரு பகுதி உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நகரத்தின் பெரிய இறைச்சிக்கூடம் அங்கே கட்டப்பட்டது. அறுத்த மாட்டின் நல்ல கறி நாலு பங்காகப் பிரிந்து வசதியானவர்கள் வீட்டுக்குப் போகும். குடல், வால், ஈரல், நாக்கு ஆகியவை மிஞ்சும். அங்கே வேலை செய்தவர்களுக்குக் கூலியின் ஒரு பகுதியாக அவற்றைக் கொடுத்தார்கள். ரோம் மக்கள் இன்றும் இதை ஐந்தாம் பங்கு என்றே சொல்கிறார்கள். மாட்டை அறுத்துத் தோலுரித்தவர்களுக்கு அங்கே வச்சினாரி என்று பெயர். அவர்கள் வீட்டில் மாட்டு வாலைத் தக்காளியோடு வேகவைத்த குழம்புக்கு அவர்கள் பெயரே நிலைத்தது. கோதா அல்லா வச்சினாரா, அதாவது தோலுரிப்பவர்களின் வால் குழம்பு. இன்று ரோமுக்குப் போகும் சுற்றுலாப் பயணிகள் அதைத் தேடிப்போய்ச் சாப்பிடுகிறார்கள்.

இத்தாலியை ஒரு சொர்க்கமாகக் காட்ட இதைச் சொல்லவில்லை. அங்கும் அது ஏழைகளின் சாப்பாடு என்று இளக்காரமாகப் பார்க்கப்பட்டதுதான். ஆனால் ஏழையின் சாப்பாடு என்ற இளக்காரம் காலத்தோடு கரைந்தது. தோலுரித்தவனின் பெயரையே தாங்கிய குழம்பு அந்த நகரத்தின் பெருமையாயிற்று. தோல் தொழிலையே நம்பி வாழும் நம் ஊரில் தோல் தொழிலாளியின் சாப்பாட்டுக்கு அப்படி ஒரு நாள் ஏன் வரவில்லை? வறுமை மட்டுமே காரணமாக இருந்திருந்தால் ஆட்டுக்குடலும் ஆட்டுத்தலையும் ஏறிய படியில் அதுவும் ஏறியிருக்கும். ஆட்டுக் குடல் குழம்பும் தலைக்கறியும் இன்று குளிர்சாதன உணவகங்களின் மெனுவில் பெருமையாக நிற்கின்றன. மாட்டுக்கறி மட்டும் வாசலோடு நிற்கிறது. ஏனென்றால் அதோடு ஒட்டியிருப்பது சாதி.

எங்கள் அப்பா 22 வருடம் டேனரியில் வேலை பார்த்தவர். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலைத் தூக்கிப்போட்டு, ஒட்டியிருக்கும் மயிரையும் சதையையும் நீக்கும் வேலை. அவர் கைவிரல் இடுக்குகளில் தோல் வெந்து போயிருக்கும். குளித்தாலும் வாசனை போகாது. அம்மா ஷூ கம்பெனியில் மேல்தோல் தைத்தார். ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று பாலாற்றுப் பகுதியில் இருக்கும் ஊர்களின் தோலும் ஷூவும் ஜெர்மனிக்கும் பிரான்சுக்கும் இத்தாலிக்கும் போகின்றன. தோலாகப் போகும்போது அது நாட்டுக்கு அந்நியச் செலாவணி. மந்திரிகள் ஏற்றுமதிக் கணக்கைப் பெருமையாகச் சொல்வார்கள். அதே மாட்டின் கறி எங்கள் தட்டுக்கு வந்தால் மட்டும் பிறர் மனம் புண்படுகிறது. தோலுக்கும் கறிக்கும் இடையே இருக்கும் அந்தச் சவ்வைப் போன்ற இடத்தில்தான் எங்கள் வாழ்க்கை.

2016இல் குஜராத்தின் ஊனாவில் செத்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். இறந்த மாட்டை அப்புறப்படுத்துவது உன் சாதிக்கடமை என்று சொன்ன அதே சமூகம்தான் அதைத் தொட்டதற்காக அடித்தது. இங்கே அப்படி அடி விழுவதில்லை, உண்மைதான். இங்கே அது மெனு அட்டையில் இடம் பெறுவதில்லை, அவ்வளவுதான்.

அரசாங்கமே அப்படி ஒரு மெனு அட்டை போட்ட கதை நம் ஊரிலேயே நடந்தது. 2022 மே மாதம் 13 முதல் 15 வரை ஆம்பூரில் பிரியாணித் திருவிழா நடத்தப்போவதாகத் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் அறிவித்தது. ஆம்பூர் பிரியாணி என்றால் சீரகச் சம்பா அரிசி, ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய், தயிர், தொட்டுக்கொள்ள எண்ணெய்க் கத்தரிக்காய். ஆற்காடு நவாபுகளின் சமையற்கட்டிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். இந்த ஊரில் கோழி, ஆட்டுக்கறிப் பிரியாணிக்குச் சமமாக மாட்டுக்கறிப் பிரியாணியும் விற்கும். விலை குறைவு, வயிறு நிறையும். ஷிப்ட் முடிந்து வருகிற தொழிலாளி முதலில் போவது அங்கேதான். தலித்துகளும் முஸ்லிம்களும் மட்டுமல்ல, வெளியே சொல்லாத பலரும் அங்கே சாப்பிடுகிறார்கள். திருவிழாப் பட்டியலில் அது இல்லை.

ஏன் இல்லை என்று கேள்வி எழுந்தது. விழா நடக்கும் இடத்துக்கு வெளியே மாட்டுக்கறிப் பிரியாணியை இலவசமாகக் கொடுப்போம் என்று சில கட்சிகளும் அமைப்புகளும் அறிவித்தன. விழாவுக்கு முந்தைய நாள், மழை எச்சரிக்கையைக் காரணம் காட்டி விழா ஒத்திவைக்கப்பட்டது. மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம், இதை ஏன் பாகுபாடாகக் கருதக் கூடாது என்று மாவட்ட ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. அதே வருடம் ஆகஸ்டில் சென்னை தீவுத்திடலில் அரசு நடத்திய உணவுத் திருவிழாவிலும் இதே கேள்வி எழுந்தது. அதற்குப் பிறகு அங்கே மாட்டுக்கறிப் பிரியாணிக் கடை வந்தது. வானம் இடிந்து விழவில்லை. கேட்டால் கிடைக்கிறது என்பதற்கும், கேட்கும்வரை கிடைக்காது என்பதற்கும் இந்த இரண்டு விழாக்களே சாட்சி.

ஆம்பூரில் யாரும் மாட்டுக்கறிக்குத் தடை என்று உத்தரவு போடவில்லை என்பதைக் கவனியுங்கள். பட்டியலில் விட்டுவிட்டார்கள். அவ்வளவே. இன்றைக்குச் சாதி பந்தியில் வேலை செய்யும் முறை இதுதான் என்று நினைக்கிறேன்.

அந்தக் காலத்தில் அது பலகையாக இருந்தது. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பார்ப்பனர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம் என்று எழுதிவைத்திருந்தார்கள். பெரியாரும் நீதிக்கட்சியும் போராடிய பிறகு 1941இல்தான் அது ஒழிந்தது. நாடு விடுதலை அடைந்து பத்து வருடம் கழித்தும் சென்னை திருவல்லிக்கேணி முரளி கபேயின் பெயர்ப்பலகையில் பிராமணாள் என்ற சொல் இருந்தது. 1957இல் திராவிடர் கழகத் தோழர்கள் அதன் முன்னால் நாள்தோறும் மறியல் செய்து சிறைக்குப் போனார்கள். பல மாதங்களுக்குப் பிறகு அந்தச் சொல் இறங்கியது. பலகையை எதிர்க்க நம்மிடம் சட்டமும் இருந்தது. அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு, கடைக்கும் பொது உணவகத்துக்கும் ஓட்டலுக்கும் போகிற ஒருவரைச் சாதியின் பேரால் தடுக்கக் கூடாது என்று தெளிவாகவே சொல்கிறது.

ஆனால் எழுதாமல் விட்டதை எந்தச் சட்டத்தால் பிடிப்பது? அந்த உணவகத்துக்குள் எங்களை யாரும் தடுக்கவில்லை. வணக்கம் சொல்லி, நாற்காலி இழுத்துப் போட்டு, பிள்ளைக்கு ஐஸ்கிரீம் இலவசமாகவும் கொடுத்தார்கள். நாங்கள் உள்ளே வரலாம், எங்கள் சாப்பாடு வரக் கூடாது. சாப்பாட்டை வெளியே விட்டுவிட்டு வருகிறவர்களுக்கு அங்கே முழுச் சமத்துவம் உண்டு. ஆகஸ்ட் 15இல் அரசு சார்பில் கோயில்களில் நடக்கும் சமபந்தி விருந்தையும் யோசித்துப் பாருங்கள். கோயிலில் சைவம்தானே போட முடியும் என்பீர்கள். சரி. நான் கேட்பது, சமத்துவ விருந்து என்றாலே ஏன் அந்தப் பக்கத்துச் சாப்பாட்டை நாம் போய்ச் சாப்பிடுவதாகவே இருக்கிறது என்பதுதான். அவர்கள் நம் பந்திக்கு வந்து உட்காரும் ஒரு நாளை யாராவது காலண்டரில் குறித்திருக்கிறார்களா?

இதற்கு வரும் பதில்கள் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எதை விற்பது என்பது முதலாளியின் உரிமை என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஒரு தனிக் கடைக்காரரை இதைத்தான் சமைக்க வேண்டும் என்று நான் கட்டாயப்படுத்தமாட்டேன். சைவ உணவகம் சைவம் போடட்டும். ஆனால் அவர், எங்களிடம் மாட்டுக்கறி இல்லை என்று சொல்லியிருந்தால் அது வியாபாரம். இது ஃபேமிலி ரெஸ்டாரண்ட், அதனால் இல்லை என்று சொன்னது தீர்ப்பு. மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் விழாவுக்கு முதலாளி யாரும் கிடையாது. எனவே அங்கே அந்த வாதமே செல்லாது.

பாலாறு செத்துக் கிடக்கிறது, கூலி உயரவில்லை, நீங்கள் கறியைப் பேசுகிறீர்களா என்று இடதுசாரித் தோழர்கள் சிலரே கேட்பதுண்டு. 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டி உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் அந்தச் சேற்றில் செத்தார்கள். அதைவிடக் கறி பெரிய பிரச்சினை என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் இரண்டும் ஒரே வேரில் இருந்துதான் வருகின்றன. எவன் தொடும் பொருள் அசுத்தம் என்று முதலிலேயே முடிவாகிவிட்டதோ, அவன் குடிக்கும் தண்ணீர் அசுத்தமானால் யாருக்கும் உறுத்தாது. எங்கள் தட்டைப் பார்க்கக் கூசும் கண், எங்கள் கிணற்றைப் பார்க்க மட்டும் கூசாமலா இருக்கும்?

மூன்றாவது பதில்தான் கனமானது. அதைச் சொன்னவர் அண்ணல் அம்பேத்கர். சாதியை ஒழிக்கும் வழி பற்றி 1936இல் எழுதியபோது, சேர்ந்து சாப்பிடுவதால் மட்டும் சாதி ஒழியாது, சாதி கடந்த திருமணமே உண்மையான மருந்து என்று வாதிட்டார். அது சரி என்பதற்கு நம் கண் முன்னால் நடக்கும் ஆணவக் கொலைகளே சாட்சி. ஒன்றாகப் பிரியாணி சாப்பிட்டவர்கள்தான் பெண் கேட்டால் அரிவாளை எடுக்கிறார்கள். ஆகவே மாட்டுக்கறி விருந்து வைத்துவிட்டால் சாதி ஒழிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. போதாது என்பது வேறு, தேவையில்லை என்பது வேறு. 2023இல் கரூர் மாவட்டத்தில் காலை உணவுத் திட்டத்தில் தலித் பெண் சமைத்ததைத் தங்கள் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று பெற்றோர் சிலர் தடுத்தபோது, ஆட்சியரே நேரில் போக வேண்டியிருந்தது. பந்தியின் முதல் படியே இன்னும் ஏறி முடியவில்லை.

நம் பக்கமும் கொஞ்சம் பேச வேண்டும். மாட்டுக்கறி சாப்பிட்டால்தான் முற்போக்கு என்று ஒரு புதுத் தீட்டை நாம் உண்டாக்கக் கூடாது. சாப்பிடாத தலித்துகளும் இருக்கிறார்கள், அது அவர்கள் விருப்பம். ஃபேஸ்புக்கில் படம் போட்டுவிட்டு, சொந்த வீட்டுக் கல்யாணப் பந்தியில் ஊர்க்காரர்கள் வருவார்கள் என்று மட்டனோடு நிறுத்திக்கொள்கிறவர்களும் நம்மில் உண்டு. எங்கள் அண்ணனும் அப்படித்தான் செய்தார். நானும் அன்றைக்கு எதுவும் பேசவில்லை.

எனக்கே வெகுநாள் உறைக்காத ஒன்றும் உண்டு. அந்த உணவகத்திலிருந்து வந்த இரவு அம்மாவிடம் கேட்டேன்: "ஆம்பூர்ல பீப் கடைல நீ எத்தினி வாட்டி ஒக்காந்து சாப்ட்டுக்கிற?" அம்மா யோசித்தார். "கடைலயா? எப்பவும் பார்சல்தான். அங்க ஆம்பளைங்கதான ஒக்காருவாங்க."

நான் பார்த்த வரை தெருவோரத்துச் சின்னக் கடைகளில் அதுதான் நிலைமை. தள்ளுவண்டியில் பீப் பக்கோடா, ஓட்டுக் கடையில் பிரியாணி. நான்கு பெஞ்சு, நான்கிலும் ஆண்கள். பெண்கள் ஓரமாக நின்று பொட்டலம் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு நடையைக் கட்டுகிறார்கள். ஷூ கம்பெனிகளில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அம்மாவும் அங்கே அரை ஆயுள் உட்கார்ந்தவர். டிபன் பாக்ஸில் அந்தக் கறி இருக்கும் நாளில் மூடியால் மறைத்துச் சாப்பிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். குடும்பம் உட்காரும் கடையில் அவர் சாப்பாடு இல்லை. அவர் சாப்பாடு இருக்கும் கடையில் அவர் உட்கார இடம் இல்லை. 63 வயதாகும் ஒரு பெண், தன் ஊரில் பேர்போன ஒரு பண்டத்தை, ஒரு நாள்கூட நாற்காலியில் உட்கார்ந்து, இலை போட்டு, யாரோ பரிமாறச் சாப்பிட்டதில்லை. ஃபேமிலி என்ற சொல் எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டது அந்த நாற்காலியைத்தான். அதைச் சாதியும் ஆண்களுமாகச் சேர்ந்து எடுத்துக்கொண்டார்கள்.

எனவே என் கோரிக்கை பெரியதல்ல. அரசு நடத்தும் எந்த உணவு விழாவிலும் அந்த ஊர் மக்கள் உண்பது எல்லாம் இருக்க வேண்டும். யாரும் கேட்டபிறகு அல்ல, முதல் பட்டியலிலேயே. 2022இல் ஒத்திவைத்த ஆம்பூர் பிரியாணித் திருவிழாவை, மாட்டுக்கறிப் பிரியாணியோடு நடத்த வேண்டும். நம் இயக்கங்கள் மாட்டுக்கறி விருந்து நடத்தும்போது மேடையையும் மைக்கையும் பிறகு பார்த்துக்கொள்ளட்டும். முதலில் பெண்கள் குழந்தைகளோடு வந்து உட்கார மேசை போடட்டும். படிக்கிற தம்பி தங்கைகளே, உங்களிடம் கேட்பது இன்னும் சின்னது. உணவகத்தில் கேட்க வேண்டியதைச் சாதாரணக் குரலில் கேளுங்கள். இல்லை என்றால் ஏன் என்று கேளுங்கள். பரிமாறுகிறவரிடம் கோபப்படாதீர்கள், பெரும்பாலும் அவர் நம் ஆள்தான். முதலாளியிடம் கேளுங்கள்.

அடுத்த ஞாயிறு அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஆம்பூரில் ஒரு பீப் கடைக்குப் போனேன். பிள்ளையும் வந்தாள். பெஞ்சில் இருந்தவர்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள். அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு விளிம்பில் உட்கார்ந்தார். பாதி சாப்பிட்டபிறகுதான் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். கடைக்கார பாய் வந்து, "இன்னும் கொஞ்சம் வைக்கவாம்மா?" என்று கேட்டார். அம்மா சத்தமாகவே சொன்னார்: "வைப்பா. கத்திரிக்காவும் எடுத்தாந்து போடு."